சுவர் பிடித்துக்கொண்டது, கழுத்துதான் நிற்கவில்லை: ஒரு கேமராவோடு இரண்டரை ஆண்டுகள்

"உன் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறாயே, அந்தக் கேமரா எப்படி? நானும் அதையே வாங்கலாமா?" என்று போன வாரம் ஒரு நண்பன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கியிருந்தேன். கையில் ஆலன் கீ, அதாவது ஸ்க்ரூ திருகும் ஆறுபட்டைச் சாவி. மேலே, அந்தச் சாவிக்கு இனி ஒருபோதும் பிடி கொடுக்காத ஒரு ஸ்க்ரூ. அன்று அவனுக்குச் சொன்ன பதிலை எழுத முடியாது. இது கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது. முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கேமராவைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். படம் தெளிவு. இரவிலும் முகம் தெரிகிறது. இரண்டரை ஆண்டில் ஒருநாள்கூடத் தானாக அணைந்ததில்லை. மற்ற விவரங்களைப் பெட்டியின் மேலேயே படித்துக்கொள்ளலாம். என் புகார் முழுவதும், அந்தப் பொருளைச் சுவரில் அசையாமல் நிறுத்துவதைப் பற்றியது.

முதல் தடவை நான் செய்தது மடத்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குள் மூன்று ஸ்க்ரூக்கள், துளைக்குள் செருகி ஸ்க்ரூவுக்குப் பிடி கொடுக்கும் மூன்று பிளாஸ்டிக் பிளக்குகள், துளை போட வேண்டிய இடம் குறித்த ஒரு காகிதம். எல்லாம் கொடுத்திருக்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, 6 மி.மீ. பிட்டால் துளைத்து, மாட்டிவிட்டேன். பிளக்கின் நீளம் 25 மி.மீ. சுவரின் சிமெண்ட் பூச்சு மட்டும் 15 மி.மீ. இருக்கும். அதாவது பிளக்கின் பாதிக்கு மேல் பூச்சிலேயே நின்றது. செங்கலுக்குள் போனது நுனி மட்டும். பூச்சு என்பது சுவரின் சட்டை. சட்டையைப் பிடித்துத் தொங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

ஏழு மாதம் தாங்கியது. ஒரு மழைக்காற்று இரவில், ஒன்றரை மணிக்குக் கைபேசி அலறியது: அசைவு கண்டறியப்பட்டது. பதறிப்போய்த் திறந்து பார்த்தால், வாசல் மெதுவாகச் சாய்கிறது, பிறகு வானம், பிறகு சுவர், பிறகு மிக அருகில் சுவர். கேமரா தான் விழுவதைத் தானே படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தது. கடமை தவறாத பிறவி. காலையில் பார்த்தபோது கேபிளின் பிடியில் தூக்கில் தொங்குவது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் மெல்லியதாக இருந்திருந்தால் தரையில் சில்லுச் சில்லாகக் கிடந்திருக்கும்.

கோபத்தோடு கையேட்டைப் புரட்டினேன், திட்டி எழுதலாம் என்று. நான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது: சுவரின் தன்மைக்கு ஏற்ற பிளக்கைப் பயன்படுத்துக, கேமராவின் எடையைப் போலப் பல மடங்கு தாங்கும் பிடிமானம் தேவை. சொல்லியிருக்கிறார்கள். படிக்காதது நான். இருந்தாலும், பிளக் போதாது என்று தெரிந்தவர்கள் அந்தப் பிளக்கையே ஏன் பெட்டிக்குள் போட வேண்டும்? போடாமல் விட்டிருந்தால் நானே நல்லதாகப் பார்த்து வாங்கியிருப்பேன்.

இரண்டாம் தடவை நிதானமாகச் செய்தேன். இதில் மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பகுதிதான் 23 மாதமாக மயிரிழை அசையாமல் நிற்கிறது.

பழைய துளைகளைக் கைவிட்டேன். ஒருமுறை பெயர்ந்த துளையில் பெரிய பிளக்கை அடித்து இறுக்கினால் சுற்றியுள்ள பூச்சும் சேர்ந்து உதிரும். நான்கு விரற்கடை தள்ளிப் புதிய இடம் பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்ப்பது முக்கியம்: டொக்கென்று வெற்றொலி வந்தால் அங்கே பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்திருக்கிறது. மறுபக்கத்தில் சுவிட்சு இருந்தால் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கக் கூடாது. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். 8 மி.மீ. பிட், 50 மி.மீ. நீளப் பிளக். பிட்டின் நுனியிலிருந்து 60 மி.மீ. அளந்து அங்கே டேப்பைச் சுற்றிவிட்டேன். டேப் சுவரைத் தொட்டால் நிறுத்த வேண்டும். கூடுதல் 10 மி.மீ. எதற்கென்றால், எவ்வளவு ஊதினாலும் அடியில் கொஞ்சம் தூள் தங்கும், அது உட்கார ஓர் இடம் வேண்டும். தூளை ஊதாமல் பிளக்கை அடித்தால், ஸ்க்ரூவைத் திருகும்போது பிளக்கும் கூடவே சுற்றும். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் மூடவில்லை.

இன்னொன்று: பூச்சைத் தாண்டும்வரை துளைக்கும் இயந்திரத்தின் சுத்தியல் அடியை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்தேன். செங்கல் வந்த பிறகுதான் அடி. முதல் தடவை ஆரம்பத்திலிருந்தே அடித்ததில் பிட் ஆடி, துளை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. முட்டைத் துளைக்குள் வட்டப் பிளக் இரண்டு பக்கம்தான் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் இந்தக் கதையே வேறு. உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் விரிந்து மடியும் பிளக் வேண்டும். எனக்கு அந்தச் சோதனை இல்லை.

ஸ்க்ரூக்களைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினேன். பெட்டியில் வந்தவை ஏழே மாதத்தில் அழுது, சுவரில் காவி நிறத்தில் மூன்று கோடுகள் இழுத்துவிட்டிருந்தன. சுண்ணாம்பு அடித்தும் அவை இன்னும் லேசாகத் தெரிகின்றன.

உயரத்தையும் குறைத்தேன். முதலில் 11 அடியில், சன்ஷேடுக்கு நெருக்கமாக மாட்டியிருந்தேன். உயரத்தில் இருந்தால் யாரும் கை வைக்க முடியாது என்ற கணக்கு. கை வைக்க முடியாதது உண்மைதான். வருபவர்களின் முகமும் தெரியவில்லை. ஏழு மாதமும் எல்லோருடைய வகிட்டையும் வழுக்கையையும் பதிவு செய்திருக்கிறேன். 9 அடிக்கு இறக்கியதும் முகம் கிடைத்தது. அதோடு, நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. இரவில் படம் பனிமூட்டமாக இருந்ததற்கு லென்ஸில் கோளாறு என்று நினைத்திருந்தேன். அது கேமராவின் அகச்சிவப்பு ஒளி சன்ஷேடின் அடிப்பக்கத்தில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வந்ததால் ஆன மூட்டம். சன்ஷேடை விட்டு விலகியதும் இரவுப் படம் துடைத்த கண்ணாடிபோல ஆகிவிட்டது. நான் கேமராவைப் பழித்த ஏழு மாதத்துக்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கேபிள் விஷயத்திலும் ஒரு பாடம். பெட்டியில் ஐபி 66 என்று பெரிதாக அச்சடித்திருக்கும்: தூசி புகாது, பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் புகாது. அந்த 66 உடம்புக்குத்தான், வாலுக்கு அல்ல. பின்னால் தொங்கும் இணைப்பு முனைகளில் மழைத்தண்ணீர் இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இப்போது கேமராவைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய பெட்டி வைத்து எல்லா இணைப்பையும் அதற்குள் அடைத்துவிட்டேன். சுவருக்குள் போகும் துளையை வெளிப்பக்கம் தாழ்வாகச் சரித்துப் போட்டேன். கேபிள் துளைக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே இறங்கி, வளைந்து மேலே ஏறும். மழைத்துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சிலிகான் பூசும்போது மேல்பக்கமும் இரண்டு ஓரமும் மட்டும். அடியைத் திறந்து விட வேண்டும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டுமே.

இத்தனையும் செய்தபின் சுவரும் பிராக்கெட்டும் ஓருடலாகிவிட்டன. பிராக்கெட்டில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கலாம் போல இருந்தது. தொங்கவில்லை.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல்.

பிராக்கெட்டின் முனையில் ஒரு பந்து மூட்டு இருக்கிறது. அதுதான் கேமராவின் கழுத்து. எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம், பிறகு ஒரே ஒரு ஸ்க்ரூவால் இறுக்கிவிடலாம். கேட்க அழகாக இருக்கும். கேமராவின் எடை ஏறத்தாழ 400 கிராம். அது முழுவதும் மூட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டின் கிண்ணம் பிளாஸ்டிக். பகல் முழுக்க வெயிலில் சூடேறும் பிளாஸ்டிக், ஓயாத பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் கேமரா ஒரு விரலளவு தலைகுனியும். முதலில் தெருவின் மறுபக்கம் படத்திலிருந்து காணாமல் போகும், பிறகு கதவின் மேல்பாதி, கடைசியில் என் வீட்டு மிதியடியை மட்டும் கண்கொட்டாமல் காவல் காக்கும். கழுத்து தளர்ந்துவிட்டால் காற்றுக்கும் ஆடும். கேமரா ஆடினால் படம் மொத்தமும் நகரும். படம் நகர்ந்தால் அசைவு கண்டறியப்பட்டது என்று ஓர் இரவில் நாற்பது அறிவிப்பு.

இறுக்கலாமே என்பீர்கள். இறுக்கும் ஸ்க்ரூவைச் சுவரைப் பார்த்த பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஆலன் கீயை நுழைத்து ஆறில் ஒரு சுற்றுத் திருப்பினால் சுவர் இடிக்கும். எடுத்து, மறுபடி நுழைத்து, மறுபடி ஆறில் ஒரு சுற்று. இதை வடிவமைத்தவர் மேசைமேல் வைத்து இறுக்கிப் பார்த்திருப்பார். மேசைக்குச் சுவர் இல்லை.

இதற்கு மேல் ஒரு கொடுமை. மெமரி கார்டு வைக்கும் மூடி கேமராவின் வயிற்றில் இருக்கிறது. மூடியைத் திறக்கக் கேமராவைப் புரட்ட வேண்டும். புரட்டக் கழுத்தைத் தளர்த்த வேண்டும். ஆக, கார்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து குறிபார்க்க வேண்டும். நான் ஏணியில், மகள் கீழே கைபேசியோடு.

"இடது பக்கம் அப்பா. இன்னும். இன்னும்."

திருப்புவேன்.

"ஐயோ, தாண்டிவிட்டது. வலது பக்கம்."

அவள் மீது தவறில்லை. கைபேசிக்குப் படம் இரண்டு நொடி தாமதமாக வருகிறது. நான் இப்போது திருப்புவதை அவள் அப்புறம் பார்க்கிறாள், பார்த்துச் சொல்வதற்குள் நான் தாண்டியிருப்பேன். ஒருநாள் முக்கால் மணி நேரம் இப்படி நடந்து, இருவரும் அன்று மாலைவரை பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்: சரியான கோணத்தில் நிற்கும்போதே பந்தின் மீதும் கிண்ணத்தின் மீதும் சேர்த்துப் பென்சிலால் மூன்று கோடுகள் கிழித்துவிட்டேன். அடுத்த முறை கோட்டோடு கோட்டைச் சேர்த்தால் போதும். கைபேசியும் வேண்டாம், மகளும் வேண்டாம்.

தலைகுனிவுக்கும் மருந்து கிடைத்தது. இரண்டரை ஆண்டில் எனக்கு உண்மையான சந்தோஷம் கொடுத்தது அதுதான். ஸ்க்ரூவில் ஒட்டுப்பசை விடச் சொன்னார்கள் சிலர். சிலவகைப் பசை பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும் என்பதால் பயந்தேன். ஒருநாள் பழைய சைக்கிள் ட்யூபில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வைத்து இறுக்கினேன். எட்டு மாதமாகக் கேமரா குனியவில்லை. ஆராய்ச்சிக்கூடம், சான்றிதழ், இரண்டாண்டு உத்தரவாதம் எல்லாம் செய்யாததைப் பஞ்சரான ட்யூப் செய்தது.

அந்த எட்டு மாத நிம்மதியைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கெடுத்துக்கொண்டேன். கார்டு நிரம்பிவிட்டது. ஏணி, சாவி, ஆறில் ஒரு சுற்று, ஆறில் ஒரு சுற்று. நான்காம் முறை சாவி வழுக்கியது. ஸ்க்ரூவின் தலைக்குள் இருக்கும் ஆறுமுகக் குழி வட்டமாகிவிட்டது. மென்மையான உலோகம், நானும் சற்று கோணலாக நுழைத்திருக்கலாம். இப்போது கழுத்து தளராது, இறுகாது, கார்டும் மாற்ற முடியாது. படம் மட்டும் மிக அருமையாக வந்துகொண்டிருக்கிறது. அரை மணி நேரம் மேலே நின்று நான் முணுமுணுத்தது முழுவதும் ஒலியோடு, துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். இரவுப் படம் நன்று, கண்ணாடி நன்று, உடம்பு மழைக்கும் வெயிலுக்கும் அசரவில்லை, துளை குறிக்கும் காகிதம் பிசகாத அளவு. வாங்காதே. இதே படத்தரத்தில், கார்டு மூடி முன்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும் எதையாவது வாங்கு. கடையில் படத்தைப் பார்க்காதே, எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கேமராவைக் கவிழ்த்துப் பார், இறுக்கும் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார், பிராக்கெட்டைக் கடைச் சுவரோடு ஒட்டிவைத்துச் சாவியைத் திருப்பிப் பார். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அதையும் மீறி இதையே வாங்குவாய் என்று தெரியும். விலை குறைந்திருப்பதை நானும் பார்த்தேன். 8 மி.மீ. பிட் என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். ட்யூபும் மீதி இருக்கிறது. ஏணியை மட்டும் இந்த வாரம் கேட்காதே, அந்த ஸ்க்ரூவை வெட்டியெடுக்க எனக்கு வேண்டும்.