ஏ9-ஆ, முல்லைத்தீவுச் சுற்றா, மேற்குக் கரையா? வன்னியில் சுற்றுச்சூழலுக்காகச் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு

வன்னியில் சைக்கிளை யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக் காலத்தில் விறகும் நெல்மூட்டையும் மட்டுமா, நோயாளிகளே கரியரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசை கட்டி நின்றபோது கோடிக்குள் கிடந்த சைக்கிள்களெல்லாம் தூசு தட்டப்பட்டு மறுபடி வீதிக்கு வந்தன. ஆகவே முப்பது பேர் ஒரே நிற ரீசேட் போட்டுக்கொண்டு வரிசையாக மிதித்துப் போனால் இங்கே யாரும் வாய் பிளந்து நிற்கப் போவதில்லை. தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளை “இதிலென்ன புதினம்?” என்றுதான் பார்க்கும்.

அதனால் பாதையோ மாதமோ சைக்கிளோ, எதைத் தெரிவு செய்வதென்றாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். எங்கே இறங்கப் போகிறீர்கள், இறங்கினால் யாரோடு கதைக்கப் போகிறீர்கள்? எத்தனை கிலோமீற்றர் என்பது பத்திரிகைச் செய்திக்கு உதவும். அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

பாதை

பெரும்பாலான குழுக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏ9, அதாவது கண்டி - யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை. வவுனியாவில் தொடங்கி ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று ஆனையிறவு வரை ஒரே நேர்வீதி. அகலமான காப்பெற் வீதி, பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, சந்திக்குச் சந்தி தேநீர்க்கடை, அவசரமென்றால் பஸ், பக்கத்திலேயே ரயில் பாதை. ஒழுங்கு செய்பவருக்கு இதைவிட வசதியான வீதி கிடையாது.

ஆனால் அந்த வீதியில் உங்களைப் பார்க்கப் போகிறவர்கள் யார்? கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறக்கும் பஸ் சாரதிகளும் வான்களில் தூங்கி வழிகிறவர்களும்தான். ஊர்மனைகள் பலவும் வீதியை விட்டு உள்ளே இருக்கின்றன. நின்று கதைக்க உருப்படியான ஓர் இடம் என்றால் முறிகண்டிப் பிள்ளையாரடி. போகிற வருகிற வாகனமெல்லாம் அங்கே நிற்கும், தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும். கச்சான் பை எங்கே போய் விழுகிறது என்று பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இலங்கையிலேயே கிடையாது. கச்சான் விற்கும் அக்காமாரைக் குற்றவாளி ஆக்காமல், கடதாசிப் பையில் சுற்றித் தந்தால் வாங்குகிறவர் வாங்குவாரா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அரை நாள் அங்கேயே போகும், போகட்டும்.

இரண்டாவது, முல்லைத்தீவுச் சுற்று. மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஏ34 வழியாகக் கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று, முல்லைத்தீவு. அங்கே இரவு தங்கி, மறுநாள் ஏ35 வழியாக வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன். இரண்டு நாளும் ஏறக்குறைய ஐம்பது ஐம்பது கிலோமீற்றர். பழக்கமில்லாதவர்களும் சமாளிக்கக்கூடிய அளவு.

இந்தப் பாதையில் சுற்றுச்சூழல் பற்றிய ஒவ்வொரு பேச்சுக்கும் கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. ஒட்டுசுட்டானில் இருந்து சற்று உள்ளே போனால் முத்தையன்கட்டுக் குளம். கமக்கார அமைப்போடு உட்கார்ந்து நீர்ப் பங்கீடு பற்றியும், அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிப்பது பற்றியும் பேசலாம். முல்லைத்தீவில் கடற்றொழிலாளரோடு கரை ஒதுங்கும் பிளாஸ்டிக் பற்றியும், வட்டுவாகலில் நந்திக்கடல் களப்பு பற்றியும் பேசலாம். மணல் அகழ்வைப் பற்றிப் பேச இடம் தேட வேண்டியதே இல்லை, மணல் ஏற்றிய ரிப்பர் லொறி உங்களை உரசிக்கொண்டு தானாகவே போகும்.

அதுதான் இந்தப் பாதையின் ஆபத்தும். ஏ9 போல ஒதுங்க இடம் கிடையாது. வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், அதில் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே புத்தி. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காட்டுப் பகுதி, யானை நடமாட்டம் உண்டு. விடியப்புறம் வெள்ளாப்பிலேயே வெளிக்கிட்டுவிடுவோம் என்ற வீரத்தை அங்கே விடவேண்டும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாய முதல் அடுத்த ஊருக்குள் போய்விட வேண்டும். இயற்கைக் கடனுக்கென்றாலும் தெரியாத பற்றைக்குள் இறங்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியாத பகுதிகள் வன்னியில் இருக்கின்றன, சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் அதற்கப்பால் ஓர் அடிகூட வேண்டாம். இன்னொன்று, முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது மேற்குக் கரை. சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை வழியாக மன்னார் போகும் ஏ32. பூநகரியில் இருந்து சுமார் 80 கிலோமீற்றர். அழகென்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதலிடம். முடிவில் மன்னார்த் தாம்போதியில் ஏறும்போது இரண்டு பக்கமும் வங்காலைச் சரணாலயத்தின் சதுப்புநிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த இடம். மாரி காலத்தில் வலசை வரும் பறவைகளும் பூநாரைகளும் சைக்கிளில் இருந்தபடியே தெரியும். ஆனால் இடையில் நிழலும் கடையும் குறைவு, ஊர்களுக்கிடையே தூரம் கூட, எதிர்க்காற்று வந்தால் ஒதுங்க மரமில்லை. கால் பழகிய, பறவை பார்க்கப் பொறுமையுள்ள பத்துப் பேருக்கு இது நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இதில் இழுத்துக்கொண்டு போவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

என் தெரிவு முல்லைத்தீவுச் சுற்று. கூட்டாளிகள் பலருக்கு ஏ9 விட்டுப்போனதில் மனக்குறைதான். ஒரே நாளில் வவுனியாவில் இருந்து ஆனையிறவு என்று தலைப்புப் போட முடியாதாம்.

மாதம்

இங்கேதான் நல்ல குழுக்களும் சறுக்குகின்றன, ஏனென்றால் நாட்காட்டியில் உள்ள நாளைப் பார்த்துத் திகதி குறிக்கிறார்கள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், பெப்ரவரி 2 உலக ஈரநில நாள், கார்த்திகை வடமாகாணத்தின் மரநடுகை மாதம். மூன்றுக்கும் வானம் ஒன்றல்ல.

கார்த்திகையில் மரம் நடலாம், சைக்கிள் ஓட முடியாது. வடகீழ்ப் பருவமழை வெளுத்து வாங்கும் மாதம் அது. மார்கழியும் அப்படித்தான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில்தான் கரையேறியது. முப்பது பேரின் பொறுப்பை எடுத்துக்கொண்டு அந்தக் காலத்தில் வீதிக்கு இறங்குவது தேவையில்லாத விஷப்பரீட்சை.

ஜூனில் மழையில்லை, ஆனால் வெயிலும் சோளகக் காற்றும் உண்டு. காற்று தென்மேற்கில் இருந்து வீசுவதால் மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போவது சுகம், முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். பரந்தனுக்குத் திரும்பும்போது அதே காற்று பக்கவாட்டிலும் முகத்திலும் அடிக்கும். குளங்களில் நீர் வற்றத் தொடங்கியிருக்கும். வற்றிய குளத்தைக் காட்டி நீர்ச் சிக்கனம் பேசுவது ஒரு விதத்தில் நல்ல பாடம்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வேறு வருகிறது. அந்த நாட்களில் அந்தப் பக்கத்து வீதிகள் நிரம்பி வழியும். சைக்கிள் குழு குறுக்கே போய் நெரிசல் கூட்டாமல், பொங்கல் முடிந்த மறுநாள் வளவு துப்புரவுக்குப் போய்ச் சேர்ந்தால் கோயில்காரரும் ஊரவரும் மறக்கமாட்டார்கள்.

தை கடைசி, மாசி தொடக்கம்தான் எனக்குப் பிடித்தது. மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் தளும்பும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, வலசைப் பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது. காற்று வடகிழக்கில் இருந்து வரும் என்பதால் முல்லைத்தீவு போகும் முதல் நாள் கொஞ்சம் முகத்தில் அடிக்கும். காலையில் காற்றுக் குறைவு, பத்து மணிக்கு முன் பாதித் தூரம் முடித்துவிட்டால் பிரச்சினையில்லை. அதற்காகப் பரந்தனில் தொடங்காமல் மாங்குளத்திலேயே தொடங்குங்கள், களைப்பு ஏறும் இரண்டாம் நாளில் காற்று உங்கள் பக்கம் வந்துவிடும். மேற்குக் கரை போகிறவர்களும் இந்தக் காலத்தில் பூநகரியில் இருந்து மன்னாருக்கு, அதாவது வடக்கில் இருந்து தெற்குக்கு மிதிக்க வேண்டும். ஜூன் என்றால் மறுவளம்.

ஒரு சிக்கல், அது காலபோக அறுவடைக் காலம். கமக்காரர் வயலில் நிற்பார், பகல் கூட்டத்துக்கு ஆள் சேராது, வீதியில் பாதியை நெல் காயவிட்டுப் பிடித்திருப்பார்கள். நெல்லின் மேல் சைக்கிள் ஓடினால் எந்த விழிப்புணர்வும் எடுபடாது. கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். அப்புறம், மாசியில் மரம் நடும் நிகழ்ச்சி வைக்காதீர்கள். நட்டுவிட்டுப் படமெடுத்துப் போனபின் பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பனம்விதையும் அப்போது நடுவதற்கில்லை, பனம்பழம் விழுந்து முடிந்து மழை தொடங்கும் காலத்தில்தான் அது சரிவரும். சைக்கிள் மாசியில், மரம் கார்த்திகையில் என்று பிரித்துவிட்டு, மாசியில் எந்த ஊரில் யார் பொறுப்பெடுப்பார் என்று பெயர் எழுதிக்கொண்டு வந்தால் கார்த்திகையில் வேலை பாதி முடிந்த மாதிரி.

சைக்கிள்

கியர் சைக்கிளா, வீட்டில் இருக்கும் லுமாலா போன்ற சாதாரண சைக்கிளா? கியர் சைக்கிள் பாரம் குறைவு, காற்றுக்கு எதிரே கை கொடுக்கும். ஆனால் வன்னி சமதரை, இருபது கியரில் பதினெட்டுக்கு இங்கே வேலையில்லை. மெல்லிய ரயர் கிரவல் ஒழுங்கைக்குள் திணறும். கியர் கம்பி இழுத்துக்கொண்டால் விசுவமடுச் சந்தியில் பாகம் தேடி அலையவேண்டும். சாதாரண சைக்கிளுக்கு ரியூப், வால்வ், செயின், பிறேக் கட்டை எல்லாம் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், ஒட்டுப் போடத் தெரிந்தவர் எந்த ஊரிலும் இருப்பார்.

பெரிய காரணம் வேறு. விலைகூடிய சைக்கிளும் இறுக்கமான உடையுமாகப் போய் இறங்கினால் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளைச் சுற்றி நிற்பார்கள், நீங்கள் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள். தங்களிடம் இருப்பதே போன்ற சைக்கிளில் வந்தவர் என்றால் “அண்ணை, எங்கயிருந்து மிதிச்சு வாறியள்?” என்று கதை தானாகத் தொடங்கும். கலந்து ஓடுவதென்றால் கியர் சைக்கிள்காரர்களைக் கடைசியில் விடுங்கள். முன்னால் விட்டால் பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

பின்னால் வரும் வாகனம்

இதில்தான் வாக்குவாதம் அதிகம். டீசல் புகை கக்கும் கன்ரர் லொறி ஒன்று பைகளையும் சாப்பாட்டுப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வர, முன்னால் சூழல் காக்கச் சொல்லிப் பதாகை போவது பார்க்கிறவருக்குச் சிரிப்பு. வாகனமே வேண்டாம் என்பதும் சரியில்லை. காட்டு வீதியில் ஒருவர் விழுந்து கை முறிந்தால் அரைமணி நேரம் கை காட்டிக்கொண்டு நிற்க முடியாது.

ஓர் ஓட்டோ போதும் என்பது என் கணக்கு. முதலுதவிப் பெட்டி, ஜீவனிப் பைகள் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), ஒரு பெரிய பம்ப், இரண்டு மூன்று ரியூப். அவ்வளவுதான் அதில். உடுப்புப் பையை அவரவர் கரியரில் கட்டவேண்டும். இந்த ஒரு விதியைப் போட்டால் தேவையில்லாத சாமான்கள் வீட்டிலேயே நின்றுவிடும். வீதியில் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டு, ஒற்றை வரிசையில் இடப்பக்கமாகப் போகவேண்டும். முன்னும் பின்னும் விசில் ஒன்று. இரண்டு பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு ஓடுவது குச்சொழுங்கைக்குச் சரி.

தண்ணீர், சாப்பாடு, படுக்கை

தண்ணீருக்குப் போத்தல் பெட்டி வாங்குவதா, ஊரில் நிரப்புவதா? வெயிலில் ஒருவருக்கு நாளுக்கு நாலு லீற்றர் வேண்டும் என்று வைத்தால், முப்பது பேர் இரண்டு நாளில் எறியும் போத்தல்களை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். வவுனியா உள்ளிட்ட பகுதிகளில் சிறுநீரக நோய்ப் பயம் வந்தபின் பல ஊர்களில் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. எந்தெந்த ஊரில், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முன்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டால் ஆளுக்கு ஒரு கான் போதும். கிணற்றுத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் முகம் கழுவலாம். குடிப்பதற்கு ஊரவரைக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கடைப் பார்சல் சுலபம். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது, 2023இல் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, தட்டுகளுக்கும் வந்தது. ஆனாலும் பார்சலில் எதைச் சுற்றித் தருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் முதலே காசு கொடுத்துச் சொன்னால் சோறும் இரண்டு மரக்கறியும் வாழையிலையில் வரும், குளத்தடி ஊரென்றால் தாமரை இலையிலும் வரலாம். காசும் ஊருக்குள்ளேயே நிற்கும். சமைத்தவர்களோடு கதைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்பவும் முடியாது. தங்குவதற்குப் பாடசாலையைவிடப் பொதுநோக்கு மண்டபம் நல்லது. பாடசாலை என்றால் அதிபர் மட்டும் சம்மதித்தால் போதாது, வலயக் கல்விப் பணிமனை வரை கடிதம் போகவேண்டும். மண்டபத்துக்குச் சங்கத் தலைவரும் கிராம அலுவலரும் சரியென்றால் சரி. பெண்பிள்ளைகள் வருவதென்றால் மலசலகூடம் பூட்டுகிறதா, விளக்கு எரிகிறதா என்று யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

பதாகை

பிளெக்ஸ் அடித்தால் மலிவு, மறுநாளே கிடைக்கும், பயணம் முடிந்ததும் கோழிக்கூட்டுக்குக் கூரையாகும். துணியில் எழுதுவது செலவும் நேரமும். ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம் என்று பிளாஸ்டிக்கில் எழுதிக்கொண்டு போக முடியாதல்லவா. ஆண்டு போடாமல் துணியில் எழுதுங்கள், அடுத்த முறையும் கட்டலாம். பிரதேச செயலகத்துக்கும் வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கும் கொடுக்கும் கடிதத்தில் பாதை, நேரம், ஆட்தொகை, பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கையொப்பமிட்ட பிரதி ஒன்றை ஓட்டோவிலும் ஒன்றை முதல் சைக்கிளிலும் வைத்திருங்கள்.