பாடும் பறவைகளைப் பார்க்க 8×42 பைனாகுலர் போதுமா?

கடையில் பைனாகுலர் வாங்கும்போது, பத்து மடங்கு பெரிதாக்கும் (10×42) என்றதும் கை தானாக அந்தப் பெட்டிக்குத்தான் போகும். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் வசந்தகாலக் குருவிகளைப் பார்க்க 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் விட்டம் 42 மி.மீ.) தான் சரி.

முதல் காரணம் அகலம். பார்வைப் புலம் (ஒரே நேரத்தில் தெரியும் கோணம்) 8 பாகை உள்ள கருவியில், 10 மீட்டர் தள்ளியுள்ள கிளையில் சுமார் 1.4 மீட்டர் அகலம் தெரியும். 10×42இல் பெரும்பாலும் 6.5 பாகைதான், அகலம் 1.1 மீட்டருக்குச் சுருங்கிவிடும். ஓரிடத்தில் நிற்காமல் தாவும் கதிர்க்குருவியைத் தேடும்போது அந்த 30 செ.மீ. பெரிய விஷயம். போதாக்குறைக்குக் கைநடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்.

இரண்டாவது வெளிச்சம். பாட்டு உச்சத்தில் இருப்பது விடியலை ஒட்டி. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. 10×42இல் 4.2 மி.மீ. மட்டுமே. அரையிருட்டில் பறவையின் மார்பு நிறம் தெரிகிறதா, வெறும் நிழல்தானா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. குறை, எடை: 600 முதல் 800 கிராம் வரை. கழுத்துவாரை விட, இரு தோளிலும் மாட்டும் வார் நல்லது.

வாங்கும்போது பலர் பார்க்கத் தவறுவது, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதை. 2 மீட்டர் என்றால் தாராளமாக வாங்கலாம். 5 மீட்டர் என்றால், தீனித்தட்டு 3 மீட்டரில் இருந்தால், பறவை மங்கலாகவே இருக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் இடைவெளி (கண்பக்க லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரம்) குறைந்தது 15 மி.மீ. உள்ளதாகப் பார்த்து, கண்குவளையை உள்ளே திருகிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

"படம் தெளிவாக இல்லை" என்ற புகார்களில் பல, டயாப்டரை (இரு கண்களின் பார்வை வேறுபாட்டை ஈடுகட்டும் வளையத்தை) சரிசெய்யாததால் வருபவை. முதலில் இரு வட்டங்களும் ஒன்றாகத் தெரியும்வரை கீலை மடக்குங்கள். வலது முன்லென்ஸை மூடியால் மறைத்து, ஒரு குச்சியை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செய்தால் மற்ற கண்ணும் சுருங்கி, அளவு தவறிவிடும். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். பையில் உரசி நகர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் உருவம் இரண்டாகத் தெரிந்தால், தலை வலித்தால், உள்ளே பட்டகம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடி, ப்ரிசம்) விலகியிருக்கலாம். கீழே விழுந்தால் நடப்பது அது. வீட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

லென்ஸில் தூசியை முதலில் ஊதித் தள்ளி, பிறகே துணி. ஜன்னல் கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பார்த்தால் எந்த விலைக் கருவியும் மங்கும். கண்ணாடியை ஒட்டி நேராக நின்று பாருங்கள்; முடிந்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.