ராம்நாடு சிலந்தியைத் தேடி பாரிஸுக்கு: எர்ன்ஸ்ட் மயர் பயண உதவித்தொகை எப்படி?

உதவித்தொகைக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று லேப் நண்பன் கேட்டான். ஏன் எழுதக்கூடாது? மிக்ஸி வாங்குவதற்கு முன்னால் நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறோம். மாதக்கணக்கில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதி, விசாவுக்கு அலைந்து, கைமாற்று வாங்கி டிக்கெட் போட்டுப் போகிற காரியத்துக்கு, நான் தேடிய காலத்தில் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எனக்கு முழுசாக ஒரு வருடம் போனது. உங்களுக்குப் போக வேண்டாம்.

முதலில் என் கதை கொஞ்சம். ராமநாதபுரம் பக்கத்துக்காரன். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது வலை கட்டாமல் தரையில் ஓடித் திரியும் சின்னச் சிலந்திகள். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டிலும் கல்லைப் புரட்டினால் நாலைந்து ஓடும். அதற்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே பெயர் வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்கள் என்று தெரிய வேண்டும். இங்கேதான் சிக்கல். 1885-இல் எழேன் சீமோன் என்ற பிரெஞ்சுச் சிலந்தி அறிஞர், மதுரை ஜில்லா ராம்நாட்டில் ஃபாப்ர் என்ற பாதிரியார் பிடித்து அனுப்பிய சிலந்திகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆமாம், எங்கள் ராம்நாடுதான். அவருடைய வர்ணனை லத்தீனில் சில வரி, படம் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சில வரிக்குள் என் கையில் இருக்கும் ஐந்து வகைச் சிலந்தியும் அடங்கிவிடும். எது அவர் பார்த்தது என்று அறிய ஒரே வழி, அவர் பார்த்த அதே உடலை நானும் பார்ப்பது. நாங்கள் டைப் என்று சொல்வது அதைத்தான். ஓர் இனத்தின் பெயர் அந்த ஒரு மாதிரியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. சீமோனின் சேகரிப்பு இருப்பது பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

தபாலில் வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய டைப் மாதிரிகளைப் பல அருங்காட்சியகங்கள் வெளியே அனுப்புவதில்லை. ஆல்கஹாலில் ஊறிய பொருளை விமானத்தில் அனுப்ப விதிமுறைகள் வேறு. என் மாதிரிகளை அங்கே அனுப்பலாம் என்றால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி அனுமதி வாங்கும் வேலை தனியாக இருக்கிறது. ஆகவே ஆள்தான் போக வேண்டும். ஆள் போகக் காசு வேண்டும்.

அந்தக் காசைத் தந்தது ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம். லூயி அகாசி 1859-இல் தொடங்கிய இடம். எர்ன்ஸ்ட் மயர் 1961 முதல் 1970 வரை அதன் இயக்குநராக இருந்தார். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் பறவைத் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த மனிதர், அதனால் பெட்டியில் கிடக்கும் மாதிரியை நேரில் பார்ப்பது ஏன் முக்கியம் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் பெயரில் உள்ள இந்தப் பயண உதவித்தொகை விலங்கு வகைப்பாட்டுக்கு மட்டும். அதிகம் பேர் கைவைக்காத, சரியாக வர்ணிக்கப்படாத உயிரினக் குழுக்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சேகரிப்பைப் பயன்படுத்தும் வேலைக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் வேறு அருங்காட்சியகத்துக்குப் போகவும் கேட்கலாம். மாணவர்களுக்குத்தான் முதல் இடம். நான் வாங்கியபோது உச்சவரம்பு 1,500 டாலர். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் கணக்கில் வரும். சம்பளம், மாநாட்டுப் பயணம், கருவி வாங்குவது இதெல்லாம் வராது.

விண்ணப்பம் சிறியது. என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாக, செலவுப் பட்டியல், நம் கல்வி விவரம், பரிந்துரைக் கடிதங்கள். சிறியது என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு அந்த இரண்டு பக்கம் எழுத ஐந்து வாரம் ஆனது. மேலே நான் வீணாகப் போனதாகச் சொன்ன வருடம் இதற்கு முந்தையது. அப்போது வேறொரு அருங்காட்சியகத்தின் உதவித்தொகைக்குப் போட்டேன், பெயர் வேண்டாம். தென்னிந்தியாவின் பல்லுயிர் வளம், அழிந்துவரும் வாழிடம் என்று ஒன்றரைப் பக்கம் உணர்ச்சியாக எழுதி, எந்தக் குப்பியைத் திறந்து என்ன பார்க்கப் போகிறேன் என்று ஒரு வரி கூட எழுதவில்லை. அங்கே இருக்கும் சேகரிப்புப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதில் வராததால் சும்மா இருந்துவிட்டேன். நிராகரித்து இரண்டு வரியில் பதில் வந்தது.

இரண்டாவது முறை தலைகீழாகச் செய்தேன். முதலில் பாரிஸ் பொறுப்பாளருக்கு எழுதி, இன்ன இன்ன டைப் உங்களிடம் இருக்கிறதா, நல்ல நிலையில் இருக்கிறதா, இன்ன மாதம் மேசை கிடைக்குமா என்று கேட்டேன். பட்டியலே வந்தது, கூடவே அழைப்புக் கடிதமும். அதை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் எந்த நாள் எந்தக் குப்பி, ஒவ்வொன்றிலும் எதை அளப்பேன், எதைப் படம் எடுப்பேன் என்று எழுதினேன். கிடைத்தது. விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: விண்ணப்பத்துக்கு முன் அருங்காட்சியகத்து ஆளோடு பேச்சுவார்த்தை தொடங்கியிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். எனக்கு ஒருவருடைய கடிதம் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு வந்தது. அன்று சாப்பிடவே முடியவில்லை.

சரி, 1,500 டாலர் போதுமா? பாரிஸில் ஹோட்டலில் தங்குவதென்றால் போதவே போதாது. என் சென்னை-பாரிஸ் டிக்கெட்டும் விசாவும் காப்பீடும் சேர்ந்தே பாதியைத் தாண்டிவிட்டது. நான் தப்பித்தது, சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் பாரிஸ் புறநகரான லா கூர்னேவில் இருந்ததால். பன்னிரண்டு நாளும் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்கை. அங்கிருந்து ஏழாம் எண் மெட்ரோவில் ஏறினால் மாறாமல் பிளாஸ் மோன்ஜ் வரை போகலாம், இறங்கிச் சற்று நடந்தால் அருங்காட்சியகத்தின் தாவரத் தோட்டம். மதியத்துக்கு அந்த வீட்டு அக்கா கட்டிக்கொடுத்த புட்டும் சம்பலும். சில நாள் மாலையில் லா ஷப்பெல் போய்த் தமிழ்க் கடைகளில் ஒரு டீ. தெரிந்தவர் இல்லாத ஊருக்குப் போகிறவர்கள் இந்தத் தொகையை ஒருவாரத்துக்கு என்று கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, பணம் கைக்கு வந்துசேர எவ்வளவு நாள் ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் பணம் இந்தியாவுக்கு வந்த பிறகும் இங்கே ஒரு வங்கியில் விளக்கம் கேட்டு மூன்று வாரம் முடங்கிக் கிடந்தது. டிக்கெட்டை மாமாவிடம் கடன் வாங்கித்தான் போட்டேன். கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த உதவித்தொகையின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் ஆல்கஹாலில் மூழ்கி, சுண்டுவிரல் பருமனில் குழாய்கள், ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைத்திருக்கிறது. உள்ளே நாலாக மடித்த ஒரு சீட்டு, பழுப்பேறிய மை. குழாயை இடுக்கியால் எடுத்து, பஞ்சை மெதுவாக உருவி, சிறு தட்டில் ஊற்றினால் சிலந்தி வெளியே வரும். நிறம் எல்லாம் போய் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். கால்கள் இரண்டு மூன்று கழன்று தனியாக மிதக்கும். தட்டின் அடியில் சலித்த நைஸ் மணல் போட்டு அதில் சிலந்தியைச் சாய்த்து வைத்தால்தான் அசையாமல் நாம் விரும்பிய கோணத்தில் நிற்கும். பெண் சிலந்தி என்றால் வயிற்றின் அடியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் கையெழுத்து மாதிரி. ஆண் என்றால் முகத்தருகே கால் போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்பின் (பெடிபால்ப்) நுனி. நுண்ணோக்கியில் முதல் தடவை அது குவியத்துக்கு வந்தபோது என் கை நடுங்கியதால் இரண்டு நிமிடம் எழுந்துபோய் நின்றுவிட்டு வந்தேன். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆல்கஹாலில் கிடந்த அந்த உடலில், எங்கள் கண்மாய்க் கரையில் நான் பிடித்த சிலந்தியில் பார்த்த அதே கொக்கி, அதே வளைவு. என் நோட்டில் இரண்டு வருடமாகக் கேள்விக்குறியோடு கிடந்த பெயருக்கு அன்று காலை பதினொரு மணிக்கு விடை கிடைத்தது. மதியத்துக்குள் இன்னொன்று, நான் பிடித்தது சீமோன் பெயர் வைத்த இனம் இல்லை என்று தெளிவானது. அதுவும் சந்தோஷம்தான், புது இனமாக இருக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சொந்த இடுக்கி எடுத்துப் போங்கள், ஐந்தாம் எண் ஊசிமுனை. பழகிய கருவி இல்லாவிட்டால் முதல் நாள் வீணாகும். டைப் மாதிரியில் எதையும் வெட்ட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி கேளுங்கள், நான் எதையும் வெட்டவில்லை. ஒவ்வொரு குழாயையும் திறப்பதற்கு முன்னால் சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குழாய் திறக்கவே கூடாது. முதல் இரண்டு நாள் ஆசையில் படமாக எடுத்துத் தள்ளுவீர்கள், கையால் வரைய நேரம் ஒதுக்குங்கள், வரையும்போதுதான் கண் பார்க்கிறது.

இதைத் தவிர மற்ற அருங்காட்சியகங்களில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சேகரிப்பைப் பார்க்க வருகிற ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதுவும் செலவில் ஒரு பகுதிதான், தினமும் வீட்டிலிருந்து வந்து போகிற தூரத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது. சிலந்திக்காரர்களுக்கு அது பெரிய இடம். ஊனோபிடே என்ற குடும்பத்துக் குறுஞ்சிலந்திகளுக்காக 2006-இல் அங்கிருந்து தொடங்கிய கூட்டுத் திட்டத்தால் ஏறத்தாழ ஐந்நூறாக இருந்த அந்தக் குடும்பத்து இனங்கள் இன்று ஆயிரத்து எண்ணூறைத் தாண்டிவிட்டன. அங்கேயே ரிச்சர்ட் கில்டர் பட்டப் பள்ளியில் முனைவர் பட்டமே படிக்கலாம். அருங்காட்சியகம் தன் பெயரில் முனைவர் பட்டம் தர அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது அதுதான், 2006-இல். கட்டணம், உதவித்தொகை எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள், எடுப்பதோ மிகச் சிலரை. வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்குப் பத்து வார ஃபெலோஷிப் இருக்கிறது, முனைவர் ஆய்வின் நடுவில் இருப்பவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் நீண்டது உண்டு, அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. வாழ்க்கைச் செலவுக்குக் காசு தருவதால் என்னைப் போல முன்னறை தேட வேண்டாம். ஆனால் அங்கே இருக்கும் ஒரு விஞ்ஞானி உங்கள் வழிகாட்டியாக இருக்கச் சம்மதிக்க வேண்டும். மறுபடியும் அதே மின்னஞ்சல் விஷயம்தான்.

பெரிய ஃபெலோஷிப் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் பெரிதை மட்டும் பார்த்து, நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். இந்தச் சின்னத் தொகைக்குப் பெரிய பல்கலைக்கழகப் பெயர் வேண்டாம், பத்துக் கட்டுரை வேண்டாம். சரியான கேள்வியும், எந்தக் குப்பியில் பதில் இருக்கிறது என்ற தெளிவும் போதும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைப்பது தொகைக்காக மட்டும், டிக்கெட் விலை ஏறிய வேகத்துக்கு அது ஏறவில்லை.

லா கூர்னேவ் அக்கா முதல் நாளே கேட்டார், "தம்பி, சிலந்தி பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" விளக்கிச் சொன்னேன். அடுத்த கேள்வி உடனே வந்தது, "எங்கட ஊர்ச் சிலந்தியும் அங்க இருக்கோ?" இருந்தது, இலங்கையிலிருந்து போனவையும் சீமோன் சேகரிப்பில் உண்டு. பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு கடைசி நாள் ஒன்றைப் படம் எடுத்து வந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனை விளக்கடியில் பிடித்து, விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அடுப்படியில் இருந்த மகளைக் கூப்பிட்டார். "இஞ்ச வா பிள்ளை, இது எங்கட கிணத்தடியில ஓடித் திரியிறதெல்லோ."