த ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்: சின்ன பட்ஜெட், பெரிய கலகலப்பு

2020ல் டென்சென்ட் என்ற சீன ஓடிடி தளத்தில் வந்த 24 எபிசோட் சீனத் தொடர். திரைக்கதை எழுதும் பெண் ஒருத்தி, தான் எழுதிய கதைக்குள்ளேயே போய் விழுகிறாள். அதுவும் மூன்றாம் எபிசோடிலேயே சாக வேண்டிய இளவரசி சியென்சியெனாக! அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உயிர் பிழைக்க அவள் ஒன்றை மாற்ற, மற்றதெல்லாம் தடம் மாறுகிறது. சிரிப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

அவள் வாழும் ஹுவாயுவான் நகரில் ஆட்சி பெண்கள் கையில். கடிவாளம், கல்யாணப் பேச்சு, கற்பு பற்றிய உபதேசம் எல்லாமே தலைகீழ். அவளைக் கொல்ல வந்த பகை நகரத்து இளவரசன் ஹான் ஷுவோ, அவள் தன்னைக் காதலிப்பதாகத் தானே முடிவுகட்டிக்கொண்டு உருகும்போது, அவனாக நடிக்கும் டிங் யூசியின் முகத்தைக் கவனியுங்கள். விறைப்பு கலையாமலே சிரிக்க வைக்கிறார். நாயகியாக வரும் ஜாவ் லுசியின் வேகமும் அதற்குச் சரியான ஜோடி.

செலவுக் குறைச்சல் கண்ணில் படும். திரும்பத் திரும்ப அதே முற்றம், அதே அறைகள். போர் என்றால் கையளவு ஆட்கள். இரு நகரப் பகை முன்னுக்கு வரும் பின்பாதியில் நகைச்சுவை வற்றி, கதை இழுக்கிறது. முதல் மூன்று எபிசோடைத் தொடர்ந்து பாருங்கள். விதிகள் அங்கேதான் புரியும். வசனம் வேகமானது, சப்டைட்டிலை விட்டுக் கண்ணெடுத்தால் பாதி நகைச்சுவை போய்விடும்.