ஒரே பட்டர்னில் ஐந்து டொப் தைத்த பிறகு

இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பட்டர்னை (துணி வெட்டுவதற்கான அளவுத்தாள்) இறக்கி, கிளிநொச்சி டவுனில் பிரிண்ட் எடுத்து, அம்மம்மாவின் கால்மெசினில் தைக்கத் தொடங்கினேன். சாதாரண டொப்தான். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு குட்டைக் கை, கழுத்துக்கு ஒரு பயஸ் பட்டி (துணியைச் சரிவாக வெட்டி எடுப்பது). சிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை, தலையால் போடுவது. தைத்த அன்று எல்லாச் சட்டையும் வடிவாகத்தான் இருக்கும். மாதக்கணக்காகக் கிணற்றடியில் தோய்த்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதத்தான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

முதல் பிழை பிரிண்டில். பட்டர்னின் முதல் தாளில் 10 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று போட்டிருப்பார்கள், அதை அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றத் தாள்களை எடுக்கவேண்டும். நான் அளக்கவில்லை. ஒட்டி, வெட்டி, தைத்தும் முடித்து, கையைத் தூக்க முடியாமல் முதுகு இழுத்தபோதுதான் அளந்தேன்: 9.7. கடைக் கணினியில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி விட்டிருக்கிறார்கள். 3 மில்லிமீற்றர்தானே என்று நினைக்கலாம், ஆனால் 100 சென்ரிமீற்றர் வரவேண்டிய மார்புச் சுற்று 97 ஆகிவிடும். நெய்த துணி பனியன் துணி மாதிரி இழுபட்டுக் கொடுக்காது. இப்போது சட்டையின் மார்புச் சுற்று உடம்பளவைவிட 8 முதல் 10 சென்ரிமீற்றர் கூட வருகிறதா என்று பார்த்துத்தான் அளவைத் தெரிவுசெய்கிறேன்.

இரண்டாவதைத் துணியை நனைக்காமல் வெட்டினேன். மூன்று தோய்ச்சலில் நீளம் ஒரு இஞ்சி ஏறிவிட்டது. பருத்தி சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆசையில் பொறுக்கவில்லை. இப்போதெல்லாம் துணி வாங்கி வந்தால் அன்றிரவே வாளிக்குள் போய்விடும். அப்புறம் நூலோட்டம், அதாவது துணியில் நூல் ஓடும் திசை. பட்டர்னில் இருக்கும் அம்புக்குறி துணியின் கரைக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். அது சற்றுச் சரிந்தாலும் போடும்போது தெரியாது, தோய்த்துக் காயவைத்த பிறகுதான் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பும். ஒரு நூலை இழுத்து, அந்தக் கோட்டில் வெட்டினால் துணி நேராகிவிடும்.

ஆனால் சட்டை நிலைப்பதும் நிலைக்காததும் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. என் மெசின் நேர்த்தையல் மட்டும் போடும், ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லொக் கிடையாது. 2008 கடைசியில் இடம்பெயரும்போது வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன மெசின் தலை அது. திரும்பி வந்து தோண்டி எடுத்துக் கறள் போகத் துடைத்து, வேறொரு ஸ்ராண்டில் பூட்டினோம். (தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகப் பிடித்து இந்தச் செம்புழுதியையும் சேர்த்துக்கொள்ளும். மெசின் எண்ணெய்தான்.) முதல் டொப்பின் ஓரங்களைச் சும்மா விட்டிருந்தேன். மூன்றாம் மாதம் கக்கத்துப் பக்கம் நூல் நூலாகப் பிரிந்து, தையல் வரைக்கும் வந்துவிட்டது.

புதுக்குடியிருப்பில் பள்ளிக்கூடச் சட்டை தைத்த பெரியம்மாவிடம் கொண்டு போனேன். "வெளியை விடு பிள்ளை, உள்ளைத் திருப்பிக் காட்டு பாப்பம்" என்றா. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டினா: முதலில் துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து 6 மில்லிமீற்றரில் ஒரு தையல், ஓரத்தை 3 மில்லிமீற்றராக நறுக்கி, திருப்பி, அழுத்தி அயன் பண்ணி, 9 மில்லிமீற்றரில் மறுபடி ஒரு தையல். இரண்டும் சேர்ந்தால் பட்டர்ன் கேட்கும் 1.5 சென்ரிமீற்றர். பிய்ந்த ஓரம் உள்ளே மூடுபட்டுவிடும். கையைப் பக்கம் மூட்டுமுன்னமே தட்டையாக வைத்துப் பொருத்தினால் அங்கேயும் இப்படித் தைக்கலாம். இதுதான் பிரெஞ்ச் தையல். மூன்றாவது டொப்பிலிருந்து இப்படித்தான், பதினெட்டு மாதமாகிறது, ஒரு நூல் வெளியே வரவில்லை.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காவதைப் பொலியெஸ்டர் கலந்த துணியில் தைத்தேன். நிறம் அப்படியே இருக்கிறது, ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க முடியாது. பருத்திப் பொப்லின்தான் எனக்குச் சரி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், கடும் நிறங்கள் வெளிறுகின்றன, அதனால் உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயப்போடுகிறேன்.

ஒட்டின தாள்கள் மாரியில் சுருண்டு பிரியத் தொடங்கியதும் பட்டர்னைக் கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பரில் படியெடுத்தேன். அதில் ஒவ்வொரு திருத்தத்தையும் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன்: தோள் 1 சென்ரிமீற்றர் முன்னுக்கு, நீளம் 2 இஞ்சி கூட, டாட் (மார்புக்கு வடிவம் வர மடித்துத் தைப்பது) கொஞ்சம் கீழே. கடைத் துணிக்கு என் உடம்பு பொருந்தவில்லை என்று எத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்! இந்தக் கடதாசி என் உடம்புக்குத் தன்னைத் திருத்திக்கொண்டது.

கழுத்து மட்டும் இன்னும் சரிவரவில்லை, குனிந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. வெட்டின உடனேயே கழுத்து ஓரத்தில் ஒற்றைத் தையல் ஓட்டி, பயஸ் பட்டியைக் கழுத்தைவிட 1 சென்ரிமீற்றர் குறைவாக வெட்டிப் பார்க்கச் சொன்னா பெரியம்மா. ஆறாவதுக்குத் துணி வாளிக்குள் ஊறுகிறது.