குடும்பப் படங்களை எங்கே வைப்பது: கூகுள் போட்டோஸா, ஒன்டிரைவா, ஹார்ட் டிஸ்க்கா?

சென்ற ஆவணியில் தங்கையின் ஃபோன் கிணற்றில் விழுந்தது. காலையிலேயே கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. வாளி போட்டு அள்ளக் குனிந்தபோது பையிலிருந்து நழுவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெடியன் இறங்கித் தேடி எடுத்துத் தந்தான், ஆனால் ஃபோன் பிறகு உயிர் பெறவில்லை. மகன் பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரையான படங்கள் அதில்தான் இருந்தன. குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அவள் அனுப்பியவை மட்டும் மிஞ்சின. அவையும் சுருக்கப்பட்டவை. பெரிதாக அச்சிட்டால் பிள்ளையின் முகம் கலங்கித் தெரிகிறது.

அந்தக் கிழமையே வீட்டுப் படங்கள் முழுவதையும் ஒழுங்குபடுத்தவென்று உட்கார்ந்தேன். எல்லோருடைய ஃபோன்களிலும் இருந்த படங்களும் வீடியோக்களும் சேர்ந்து ஏறக்குறைய 60 ஜிபி. அம்மாவின் பழைய அல்பங்களை ஸ்கான் செய்ததில் இன்னும் 5 ஜிபி. கூகுள் போட்டோஸ், மைக்ரோசொஃப்டின் ஒன்டிரைவ் என்ற இரண்டு இணையச் சேமிப்பகங்கள், கடையில் வாங்கும் ஹார்ட் டிஸ்க் என்று மூன்றையும் பாவித்துப் பார்த்தேன். இப்போது ஏழு மாதமாகக் கூகுளில் 100 ஜிபி இடத்துக்குக் காசு கட்டி அங்கே வைத்திருக்கிறேன். துணைக்கு டிஸ்க்கும் இருக்கிறது. என் சாய்வு கூகுள் பக்கம்தான், அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஒன்டிரைவை மூன்று மாதம் மட்டுமே பாவித்தேன். அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இலவச இடம் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கூகுள் 15 ஜிபி தருகிறது, ஒன்டிரைவ் 5 ஜிபி. கூகுளின் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், படங்கள் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆன்ட்ராய்டு ஃபோனின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அதற்குள்தான் போகிறது. 2021 ஜூன் 1க்கு முன் ‘உயர் தரம்’ என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் மட்டும் கணக்கில் சேராது. இடம் நிறைந்துவிட்டால் படம் ஏறாதது ஒரு பக்கம், ஜிமெயிலுக்குப் புதிய கடிதமும் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

காசு கட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்து பாருங்கள். கூகுள் போட்டோஸ் அமைப்பில் எந்தெந்தக் கோப்புறைகளைக் காப்பெடுப்பது என்று தெரிவு செய்யலாம். கமராக் கோப்புறையை மட்டும் வைத்துக்கொண்டு வட்ஸ்அப் கோப்புறையை நிறுத்தினால், தினமும் வரும் காலை வணக்கப் படங்கள் இடத்தைத் தின்னாது. சொந்தக்காரர் அனுப்பும் கலியாணப் படங்களை மட்டும் ‘டொக்யூமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி, முழுத் தரத்தில் வாங்கி நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். அடுத்து, கூகுள் கணக்கின் சேமிப்பகப் பக்கத்துக்குப் போங்கள். எந்த வீடியோவும் எந்த மின்னஞ்சல் இணைப்பும் அதிக இடம் பிடிக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். எங்கள் வீட்டில் இந்த இரண்டினாலேயே 9 ஜிபி மிச்சமானது.

சரி, நான் எதை வைத்து முடிவெடுத்தேன்? இடத்தின் அளவையோ மாதக் காசையோ வைத்தல்ல. வைத்ததை ஒரு நாள் முழுதாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பழையது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் எழும்பி நடந்தபோது அம்மாவும் நடந்தார். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போகும்போது அவர் கையில் இருந்தவை காணி உறுதிகளும் ஒரே ஒரு அல்பமும். மற்ற அல்பங்கள் அலுமாரியிலேயே இருந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அப்பப்பாவின் முகம் எனக்குத் தெரிவது அந்த ஒரு அல்பத்தில் இருக்கும் ஒரேயொரு படத்தால்தான். அதனால் எங்கே நன்றாக இருக்கும் என்பதைவிட, எப்படி வெளியே வரும் என்பதையே முதலில் பார்க்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஹார்ட் டிஸ்க் நல்ல பதில்போலத்தான் தெரியும். கழற்றினால் கையில் வந்துவிடும். கடவுச்சொல் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், மாதக் காசும் வேண்டாம். ஆனால் அது ஒரு வீட்டில் இருக்கும் ஒரு பிரதி. வீட்டுக்கு ஒன்று நேர்ந்தால் டிஸ்க்குக்கும் நேரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் போனது போனதுதான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளையும் சிற்றிதழ்களையும் நாம் இன்று வாசிக்க முடிகிறதென்றால், அவற்றுக்குப் பல இடங்களில் பிரதி உண்டாக்கியதால்தான். டிஸ்க் சாகும்போது சொல்லிக்கொண்டு சாகாது என்பதும் உண்டு. என் முதல் டிஸ்க் இரண்டு வருடம் அலுமாரியில் தூங்கியது, பிறகு கணினியில் செருகியபோது ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. ஆறு மாதத்துக்கொருமுறை செருகி, சில படங்களையாவது திறந்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

ஒன்டிரைவ் இந்த இடத்தில் உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது. ஏற்றிய கோப்பு அதே பெயரில், அதே கோப்புறையில் இருக்கும். கணினியில் ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து அப்படியே பிரதி எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் தெரிகிறது. ‘இந்தக் கணினியில் எப்போதும் வைத்திரு’ என்று கொடுத்து, பச்சைச் சரிக்குறி வந்த பிறகே வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது என்று நம்பலாம். வேர்ட், எக்செல் தேவைப்பட்டு மைக்ரோசொஃப்ட் 365 தனிநபர் சந்தா கட்டுபவருக்கு 1 டிபி இடம் கூடவே கிடைக்கிறது. அவர் கூகுளுக்கு வேறாகக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் பல்கலைக்கழகமோ அலுவலகமோ தந்த கணக்கில் குடும்பப் படங்களை வைக்க வேண்டாம். படிப்போ வேலையோ முடிந்தால் அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்காது.

இனிக் கூகுள். அதிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்கும் வழிக்கு ‘கூகுள் டேக்அவுட்’ என்று பெயர். கூகுளை வருடக்கணக்காகப் பாவிப்பவர்களில் பலர் இதைத் திறந்தே பார்த்ததில்லை. முதலில் ‘எல்லாத் தெரிவையும் நீக்கு’ என்று கொடுத்துவிட்டுப் படங்களை மட்டும் தெரிவு செய்யுங்கள். அடுத்து, கோப்பின் அளவு என்ன என்று கேட்கும். 50 ஜிபி என்று கொடுத்தால் ஒன்றிரண்டு கோப்பில் முடியும், ஆனால் நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து இறக்க வேண்டி வரலாம். 2 ஜிபி என்றால் எனக்கு முப்பதுக்கு மேல் துண்டு. நான் 4 ஜிபி எடுத்தேன், பதினேழு துண்டு வந்தது. இறக்கும் இணைப்பு ஏறக்குறைய ஒரு கிழமைதான் வேலை செய்யும், எனவே ஓய்வான கிழமையாகப் பார்த்துத் தொடங்குங்கள். எங்கள் வீட்டு இணைப்பில் இரவு 12 மணிக்குப் பிறகு தனி டேட்டா உண்டு, அதனால் ஒவ்வோர் இரவும் நாலைந்து துண்டாக இறக்கினேன். மறக்கும் பழக்கம் உள்ளவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடத்துக்குத் தானாகவே ஏற்றுமதி ஆகும்படி வைக்கலாம். டேட்டா குறைந்தவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதே பக்கத்தில் ஏற்றுமதியை நேரே ஒன்டிரைவுக்கோ டிரொப்பொக்ஸுக்கோ அனுப்பச் சொல்லலாம். அது கூகுளின் கணினிக்கும் அந்தச் சேவையின் கணினிக்கும் நடுவே நடப்பதால் உங்கள் வீட்டு டேட்டா செலவாகாது. அங்கே போதிய இடம் மட்டும் இருக்க வேண்டும்.

பழைய அல்பங்களை ஸ்கான் செய்பவர்கள் இதை மட்டும் தவற விட வேண்டாம். ஸ்கான் செய்த படத்துக்குக் கணினி போடும் திகதி, ஸ்கான் செய்த நாள். அக்காவின் சாமத்தியவீடு (பூப்பு நீராட்டு விழா) 1987 சித்திரையில் நடந்தது என்று கூகுள் போட்டோஸுக்குள் திகதியை மாற்றலாம், குறிப்பும் எழுதலாம். திரையில் எல்லாம் வரிசையாக, அழகாக இருக்கும். ஆனால் அந்த மாற்றம் படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. டேக்அவுட்டில் எடுக்கும்போது படம் 1987 என்ற ஆண்டுக் கோப்புறைக்குள் வந்து சேரும். மாதமும் நாளும் குறிப்பும் பக்கத்தில் ‘ஜேசன்’ என்ற சிறு எழுத்துக் கோப்பில் தனியாக வரும். படத்தை மட்டும் எடுத்து வேறு இடத்தில் போட்டால், அக்காவின் சாமத்தியவீடு போன வருடம் நடந்ததாகக் கணினி சொல்லும்.

ஆகவே திகதியை ஏற்றுவதற்கு முன்பே கோப்புக்குள் எழுதிவிடுங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, பண்புகளுக்குள் ‘விவரங்கள்’ பகுதிக்குப் போனால் ‘படம் எடுத்த திகதி’ என்று இருக்கும். அங்கேயே மாற்றலாம். ஒரே நிகழ்வின் இருபது படங்களைச் சேர்த்துத் தெரிவு செய்தும் மாற்றலாம். கோப்பின் பெயரில் முதலில் எண்ணில் ஆண்டும் மாதமும், பிறகு இரண்டு மூன்று சொல்லில் நிகழ்வும் வரட்டும்: ‘1987-04 அக்கா சாமத்தியவீடு’. பெயர் மிக நீண்டால் ஏற்றுமதியில் வெட்டுப்படும். முதல் அல்பத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முகமாகப் பெயர் சொன்னார். இப்படிச் செய்த படத்தை எந்தச் சேவையில் போட்டாலும், எதிலிருந்து எடுத்தாலும் திகதி கூடவே வரும்.

அப்படியானால் வெளியே எடுப்பதில் ஒன்டிரைவே சுலபம். பிறகு ஏன் கூகுள்? நான் இல்லாத நாளில் யார் எடுப்பார்கள் என்பதற்காக. கூகுள் கணக்கில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்று ஓர் அமைப்பு உண்டு. 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றை நீங்கள் தெரிவு செய்யலாம். அத்தனை மாதம் கணக்கு தொடப்படாவிட்டால், முன்கூட்டியே நீங்கள் கொடுத்து வைத்த பத்துப் பேர் வரையானோருக்குக் கூகுள் அறிவித்து, நீங்கள் அனுமதித்தவற்றை இறக்க மூன்று மாதம் அவகாசம் தரும். நான் 6 மாதம் வைத்து, இங்கே தங்கையையும் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவையும் கொடுத்திருக்கிறேன். படங்களுக்கு மட்டும் அனுமதி, மின்னஞ்சலுக்கு இல்லை. நான் ஒன்டிரைவில் இருந்த காலத்தில் இதற்கு ஈடான ஒன்றை அங்கே காணவில்லை. இன்னொன்று, இரண்டு வருடம் பாவிக்காத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. காலமான ஒருவரின் கணக்கை அப்படியே விட்டுவைத்தால் அதிலுள்ள படங்களும் ஒரு நாள் போய்விடும்.

உயிரோடு இருக்கும்போதே நாமே வெளியில் மாட்டிக்கொள்வதும் நடக்கும். தங்கைக்குக் கிணற்றில் போனது ஃபோன் மட்டுமல்ல, சிம்மும்தான். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்ட கணக்கு என்றால், குறியீடு வந்து சேர வேண்டிய ஃபோனே இல்லாமல் எப்படி உள்ளே போவது? கூகுள் பத்துக் காப்புக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அவற்றை ஃபோனில் படம் பிடித்து வைப்பதில் பயனில்லை. தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் காணி உறுதிகள் இருக்கும் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.

அம்மா பாவிக்கக் கூடியதாக இருப்பதும் கூகுளின் பக்கம் ஒரு புள்ளி. முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் படமெல்லாம் வரும். ஆனால் அதே சுலபத்தில் அழிக்கவும் செய்யலாம். கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் ஃபோனில் மட்டுமல்ல, கூகுளில் இருப்பதும் அழியும். காப்பெடுத்த படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிறகு இல்லை. ஃபோனில் மட்டும் இடம் வேண்டுமானால் ‘இடத்தை விடுவி’ என்பதை அழுத்த வேண்டும். அம்மாவின் ஃபோனில் இதைக் காட்டிக் கொடுக்க ஒரு மாலை போனது.

இந்த ஆபத்தால்தான் டிஸ்க்கையும் விடாமல் வைத்திருக்கிறேன். டேக்அவுட்டில் எடுத்ததை இரண்டு டிஸ்க்கில் போட்டேன். ஒன்று தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்கழி விடுமுறைக்கு வந்த லண்டன் மாமி திரும்பும்போது, மிளகாய்த்தூளுக்கும் பனாட்டுக்கும் நடுவே மற்ற டிஸ்க்கைத் துணியில் சுற்றி வைத்தோம். அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவருவார், புதிய படங்கள் ஏற்றிய மற்றதைக் கொண்டுபோவார்.