பட்டா எப்போது கைக்கு வரும்? அரசு வீட்டைச் சொந்தமாக்க மூன்று வழிகள்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அரசு கட்டிக்கொடுத்த காலனி வீட்டில் என் அத்தை இருக்கிறார். கூரையில் பூச்சு பெயர்ந்து, உப்புக்காற்றில் துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. மழை வந்தால் அதற்கு நேர் கீழே ஒரு சட்டியை வைத்துவிடுவார். பூசிவிடலாமே என்று கேட்டால், "பட்டா இன்னும் என் பேருக்கு வரலடா. காசப் போட்டுப் பூசுனப்புறம் காலி பண்ணச் சொன்னா யார்கிட்ட போய் நிக்கறது?" என்பார்.

அதனால், குடியிருப்பவருக்கே வீட்டைக் கொடுக்கும் திட்டம் எதுவானாலும் நான் விலையை அப்புறம்தான் பார்ப்பேன். பத்திரம் எப்போது கைக்கு வருகிறது என்பதே முதல் கேள்வி.

முதல் வழி, வீட்டுவசதி வாரியத்தின் தவணை முறை. அதில் பத்திரம் கடைசியில்தான் வரும். ஒதுக்கீட்டு ஆணை, மாதத் தவணை, எல்லாம் கட்டி முடித்தபின் கிரையப் பத்திரம். மாதச் சம்பளக்காரருக்குச் சரி. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கையில் காசே புழங்காத குடும்பத்துக்கு இது ஒத்துவராது.

அமெரிக்காவில் 1973-இல் வில்மிங்டன் நகரமும் பால்டிமோரும் வேறு வழியில் போயின. கைவிடப்பட்டு நகராட்சி வசம் வந்த வீடுகளைப் பெயருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பழுது பார்த்து, குறித்த காலம் அங்கேயே குடியிருந்தால் வீடு சொந்தம். 1974-இல் அமெரிக்க மத்திய அரசும் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. குடியிருப்பவரின் உழைப்பையும் விலையாக எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழுதுபார்க்க ஆயிரக்கணக்கான டாலர் தேவைப்பட்டது. பால்டிமோர் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தும், அன்றாடக் கூலிக்காரருக்கு அது எட்டாத உயரம்தான்.

மூன்றாவது வழி நம் டெல்டாவுக்கு நன்றாகத் தெரிந்தது. பண்ணையாளின் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால் மனையைக் காலி பண்ணச் சொல்வார்கள். கூலிப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் 1961-லேயே வந்திருந்தது. அந்த மனையையே அவருக்குச் சொந்தமாக்கிய சட்டம் 1971-இல்தான் வந்தது. விவசாயியோ விவசாயக் கூலியோ, அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அங்கே குடியிருந்தாரா என்று பார்த்தார்கள். அது தனியார் நிலம், அரசு வீடு இல்லை. மனை கிடைத்ததே தவிர, வீடு கட்டக் காசு கிடைக்கவில்லை. ஆனாலும் வரிசை சரியாக இருந்தது: உரிமை முதலில், மற்றதெல்லாம் பிறகு.

என் தேர்வு இந்த மூன்றாவதுதான், கூடவே பால்டிமோரின் பழுதுபார்ப்புக் கடனும். பட்டா பெண் பெயரில் இருக்கட்டும். நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்கக் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நடத்திய லாஃப்டி இயக்கம் இதே மாவட்டங்களில் நிலத்தைப் பெண்கள் பெயரில் எழுதிக்கொடுத்துக் காட்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்குள் நடந்தால் நல்லது. அத்தை வீட்டில் இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.